ஏழாம் வளையமும் இரண்டு சம்பந்திகளும்

பிப்ரவரி 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இது அலுவலகக் கடிதம் அல்ல. குடும்பக் கடிதமும் அல்ல. கல்யாணத்தன்று நீங்களும் நானும் பேசி வைத்துக்கொண்டது நினைவிருக்கும்: வீட்டில் தொலைநோக்கிக் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதில்லை, அலுவலகத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போது நான் சொல்ல வேண்டியதை இரண்டு இடத்திலும் சொல்ல முடியாது. மின்னஞ்சலில் போட்டால் எட்டுப் பேருக்கு நகல் போகும். போன் செய்தால் என் குரலை வைத்தே உங்கள் மருமகள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் தாளில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில், திரை நிறைய முகங்கள் பார்த்துக்கொண்டிருக்க, "பூச்சுக்கு அப்புறம் ஏழாம் வளையம் வளைஞ்சுபோச்சு" என்று சொன்னீர்கள். அதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அழப்போவதில்லை. பதிலோடு வந்திருப்பேன், அவ்வளவுதான்.

பதில் இதுதான். அந்த வளையக் கண்ணாடி பூச்சுக்காக என் அறைக்கு வந்தபோது வட்டமாக இருந்தது. நிமிர்த்தி வைத்துச் சாதாரண ஒளியில் அளந்த தாள் என்னிடம் இருக்கிறது. முதலில் குரோமியம் பூசினேன், அதன்மேல் இரிடியம். இரிடியம் கண்ணாடியைத் தள்ளும், குரோமியம் இழுக்கும்; ஒன்றின் தொந்தரவை மற்றது தீர்க்கும்படி அளவு வைத்திருக்கிறேன். அதே அறையில், அதே நேரத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பூசிய சாட்சித் துண்டுகள் இரண்டும் தட்டையாக இருக்கின்றன. பூச்சு வளைத்திருந்தால் அவையும் வளைந்திருக்க வேண்டாமா?

வளைத்தது, சோதனையில் கண்ணாடியைப் படுக்க வைக்கும் உங்கள் தாங்கி. கண்ணாடியை அரைச் சுற்று, தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். குறை பூச்சில் இருந்தால் திரையில் விழும் படம் கண்ணாடியோடு திரும்பும். தாங்கியில் இருந்தால் படம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஏழாம் வளையத்துக்கு மாற்று கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் நிராகரித்தால் பூச்சை உரிக்க வேண்டும். உரிக்கும்போது கண்ணாடி பிழைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பிழைக்காவிட்டால், தொலைநோக்கி அந்த இடம் காலியாகத்தான் மேலே போகும். காலி இடத்துக்குக் காரணம் என் பூச்சு என்று எழுதுவார்கள். அது உண்மையாக இருந்தால் எழுதட்டும்.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் போனில் சத்தம் போட்டிருப்பார். எனக்குச் சத்தம் போட வராது.

இப்படிக்கு,
பூச்சு அறையிலிருந்து


பிப்ரவரி 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அநேக வணக்கம். உங்கள் கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்தது என் மனைவி. "சம்பந்தியம்மா கையெழுத்து. கோவமா எழுதியிருந்தாக்கூட ஒரு வரி சாயல பாருங்க" என்றாள். கோபம் என்று உறையைப் பிரிக்காமலே எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "போன ஞாயித்துக்கிழமை அவங்க வரலையே, அப்பவே தெரியும்" என்றாள்.

என்ன விஷயம் என்று விடாமல் கேட்டதால் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் மீறவேண்டி வந்தது. "எக்ஸ்ரே நேரா விழுந்தா கண்ணாடிக்குள்ள பூந்து காணாம போயிடும். குளத்துல தட்டைக் கல்லைச் சாய்ச்சு விட்டா தத்தித் தத்திப் போகுதில்ல? அந்த மாதிரி உரசிக்கிட்டுப் போனாத்தான் திரும்பும். அதனால இந்தக் கண்ணாடி அடி இல்லாத டம்ளர் மாதிரி இருக்கும். ஒண்ணுக்குள்ள ஒண்ணா பன்னிரண்டு டம்ளர். ஒவ்வொண்ணும் வெளிச்சத்தை ஒரே புள்ளியில கொண்டுவந்து சேர்க்கணும்" என்றேன்.

"சம்பந்தியம்மா டம்ளர் சேர்க்கலையா?"

"சேர்க்குது. ஆனா புள்ளியா இல்ல. ரெண்டு பக்கமும் இறக்கை விரிச்சு, வண்ணத்துப்பூச்சி மாதிரி."

"பார்க்க அழகாத்தானே இருக்கும்? அதுக்கா இவ்வளவு சண்டை?"



மீட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கண்ணாடி எங்கள் வாசலில் இறங்கிய அன்றே தாழ்வாரத்தில் ஒருவர் கேட்டார்: "சம்பந்தி வீட்டுக் கண்ணாடிக்கு டெஸ்ட் எல்லாம் உண்டா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிந்தது. உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அது சலுகை. சொல்லாததால் துரோகம். எந்தக் கதவைத் திறந்தாலும் என் தலைதான் இடிக்கிறது. மற்றவர்களுக்கு முந்தின நாள் சொல்வேன் என்பது உண்மை. உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. அது தவறு என்றுதான் இன்று காலைவரை நினைக்கிறேன். நாளைக்கு எப்படித் தோன்றுமோ.

ஆனால் தாங்கியைக் குறை சொல்லாதீர்கள். அது நான் வரைந்து, நான் நின்று செய்வித்தது. நான்கு மெத்தைகள் கண்ணாடியின் எடையைப் பகிர்ந்து ஏந்திக்கொள்ளும். அதில் படுத்தால் எனக்கே தூக்கம் வரும். தவிர, குழாயைத் திறப்பது சாதாரண வேலையா? தெருக்கோடி வரை போகிற நீளம். அந்தக் கோடியில் எக்ஸ்ரே விளக்கு, இந்தக் கோடியில் கண்ணாடி. உள்ளே காற்று புகுந்தால் மறுபடி உறிஞ்சி எடுக்கவே இரண்டு மூன்று நாள்.

இருந்தாலும் திருப்பிப் பார்க்கிறேன். உங்கள் வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. படம் திரும்பினால் உங்கள் குறை, நின்றால் என் குறை. இப்படி ஒரு தீர்ப்பு கிடைத்தால் எனக்கும் நிம்மதிதான்.

உங்கள் மருமகன் உங்களை விசாரிக்கச் சொன்னான். அலுவலக விஷயம் எழுதும் கடிதத்தில் இது கூடாதோ? எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

இப்படிக்கு,
குழாய்க்காரன்


பிப்ரவரி 15

சம்பந்தி அவர்களுக்கு,

நாளை நினைப்பு மாறலாம் என்று எழுதிவிட்டு மன்னிப்பு கேட்கும் ஒருவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஏற்றுக்கொள்கிறேன்.

திருப்பும்போது கையுறை மாற்றச் சொல்லுங்கள். விரல் எண்ணெய் ஒட்டினால் அதுவும் என் பூச்சின் தலையில்தான் விழும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி.


பிப்ரவரி 23

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள்!

கண்ணாடியைத் தலைகீழாக வைத்தோம். காற்றை உறிஞ்சினோம். விளக்கைப் போட்டோம். படம் அப்படியே நிற்கிறது. அதே வண்ணத்துப்பூச்சி, அதே இறக்கை, அதே சாய்வு. கண்ணாடி திரும்பியது, படம் திரும்பவில்லை. குறை என் தாங்கியில்தான்.

எனக்கு வருத்தமாக இருக்க வேண்டும், இல்லையா? இல்லை. உங்கள் கண்ணாடியை நிராகரிக்க வேண்டாம் என்றதும் நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியதுபோல் இருந்தது. இது நியாயமான உணர்ச்சியா என்று யோசிக்கவில்லை. திட்டத் தலைவரிடம் போனில் சொன்னேன். "அப்பாடா! அப்ப ஏழு பாஸ்தானே? எழுதிக் குடுங்க, எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்றைய மீட்டிங்கில் எல்லோர் முன்னும் நான் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். கண்ணாடியைப் பெட்டியில் வைத்து, தொலைநோக்கியைப் பொருத்தும் கூடத்துக்கு அனுப்பியாயிற்று.

"இப்ப ஞாயித்துக்கிழமை வருவாங்களா?" என்கிறாள் என் மனைவி.


பிப்ரவரி 28

சம்பந்தி அவர்களுக்கு,

சபையில் சொன்னதைச் சபையிலேயே திருத்திச் சொன்னீர்கள். அப்படிச் செய்கிறவர்கள் குறைவு. நன்றி.

தாங்கி விஷயத்தில் மனம் தளர வேண்டாம். நான்கு மெத்தைக்குப் பதில் எட்டு வைத்துப் பாருங்கள். இந்த யோசனைக்கு என் பெயரைப் போட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எனக்காக எதுவும் செய்ய வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதுவும் செய்யாமலும் இருக்க வேண்டாம்.


மார்ச் 2

சம்பந்தி அவர்களுக்கு,

முந்தின கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்குமோ தெரியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வரவில்லை. தலைவலி என்று மகளிடம் சொன்னேன். தலைவலி இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்றுக் காலை, மெருகு போடக் கொடுத்திருந்த சாப்பாட்டு மேஜை திரும்பி வந்தது. நீள்வட்ட மேஜை. தூக்கி வந்த இருவரில் ஒருவன் வாசற்படியில் நின்றுகொண்டு, "அம்மா, எந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்து வரணும்?" என்றான். நான் அடுப்படியிலிருந்தே, "எந்தப் பக்கமா இருந்தா என்னப்பா? முனை மாத்தித் தலைகீழாத் திருப்பினாலும் ஒண்ணுதானே?" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. மேஜையைக் கொண்டுவந்தவர்கள் கூலிக்காக நிற்பதாக நினைத்து ஏதோ சொன்னார்கள். எனக்குக் காதில் விழவில்லை.

வட்டம் நசுங்கினால் நீள்வட்டம். நீள்வட்டத்தை அரைச் சுற்றுத் திருப்பினால் அதே நீள்வட்டம். வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு இறக்கை; அரைச் சுற்றுத் திருப்பினால் வலது இறக்கை இருந்த இடத்தில் இடது இறக்கை வந்து உட்கார்ந்துகொள்ளும். குறை என் பூச்சில் இருந்தாலும் படம் அதேதான். உங்கள் தாங்கியில் இருந்தாலும் அதேதான். நான் கேட்ட சோதனை எதையும் சொல்லாத சோதனை. அரைச் சுற்று அல்ல, கால் சுற்றுத் திருப்பியிருக்க வேண்டும். படுத்திருக்கும் இறக்கைகள் நிமிர்கின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும்.

நான் கேட்டேன், நீங்கள் செய்தீர்கள், இருவரும் சந்தோஷப்பட்டோம். இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்த மீட்டிங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் அது பாஸ் ஆக வேண்டியிருந்தது.

இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் பூச்சில் குறை இல்லை என்று நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையைப் பொருத்தியா தொலைநோக்கியை அனுப்புவது? பெட்டியைத் திரும்ப வாங்குங்கள். கால் சுற்றுத் திருப்புங்கள்.


மார்ச் 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதம் தபாலில் தொலைந்திருக்கக் கூடாதா என்று இரண்டு நாள் நினைத்தேன். பிறகு என் மீதே கோபம் வந்தது. நீள்வட்டம் திருப்பினால் நீள்வட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். இதே வேலையில் தலை நரைத்த எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது உங்கள் கண்ணாடி என்பதால் அவசரப்பட்டீர்கள். எனக்கு என்ன அவசரம்? உங்களோடு சண்டை முடிந்தால் போதும் என்கிற அவசரம். அதைத்தான் தாழ்வாரத்தில் சிரித்தார்களோ?

பெட்டியைத் திரும்பக் கேட்டபோது பொருத்தும் கூடத்துக்காரர், "குடுத்துட்டு வாங்கறதுக்கு இது என்ன சார், குடையா?" என்றார். வாங்கி வந்தேன்.

கால் சுற்றுத் திருப்பினோம். இப்போது கேளுங்கள். இறக்கைகள் நிமிரவில்லை. படுத்தும் இருக்கவில்லை. வண்ணத்துப்பூச்சியே இல்லை! திரையில் ஒரு புள்ளி. சுத்தமான, வட்டமான, இதுவரை நான் பார்த்த எல்லா வளையத்தையும்விட அழகான புள்ளி.

கேமராவைக் கவனிக்கும் பெண், "சார், கேமரா செத்துப்போச்சா?" என்றாள். இல்லை. பழைய நிலைக்குத் திருப்பினோம், வண்ணத்துப்பூச்சி வந்தது. மறுபடி கால் சுற்று, போய்விட்டது. மூன்று தடவை. வரும், போகும், வரும், போகும்.

உங்கள் குறையென்றால் நிமிர வேண்டும். என் குறையென்றால் படுத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு பதில் இருப்பதாக நாம் பேசிக்கொள்ளவே இல்லையே! குறை யாரிடமும் இல்லையா? அப்படியென்றால் முதலில் வந்தது என்ன? சாப்பிடும்போது தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேனாம். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மகன் தன் அம்மாவிடம் கேட்கிறான்.

ஒரு யோசனை. தயங்கித்தான் எழுதுகிறேன். இந்த நிலையில் படம் அருமையாக இருக்கிறது. இதே நிலையில் வைத்துப் பொருத்தி அனுப்பிவிட்டால் என்ன? இப்போதுள்ள படத்தைக் காட்டினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்கள் "சரி" என்று ஒரு வார்த்தை எழுதினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அல்லது நீங்கள் எழுதாமல் நானே போட வேண்டுமா? யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை.

குழம்பிய,
குழாய்க்காரன்


மார்ச் 17

சம்பந்தி அவர்களுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு நாள் எனக்கும் புரியவில்லை. சாட்சித் துண்டு தட்டை, கண்ணாடி கோணல், திருப்பினால் நேர். கடைசியில் ஜாடி மூடியின் ரப்பர் வளையத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலும் கீழுமாக அழுத்துங்கள். தட்டையாகும். இது உங்கள் தாங்கி. மெத்தை எத்தனை இருந்தாலும், படுத்த கண்ணாடி தன் எடையிலேயே கொஞ்சம் நசுங்குகிறது. இப்போது உங்கள் மனைவியையும் அதே திசையில் அழுத்தச் சொல்லுங்கள். இன்னும் தட்டையாகும். இது என் பூச்சு. இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் முதலில் பார்த்த வண்ணத்துப்பூச்சி. பிறகு உங்கள் மனைவி மட்டும் இடம் மாறி, பக்கவாட்டில் அழுத்தட்டும். வளையம் வட்டமாகிவிடும். இது கால் சுற்று.

குறை யாரிடமும் இல்லை என்பதல்ல. இருவரிடமும் இருக்கிறது. ஏறக்குறைய சம அளவில் இருக்கிறது. என் தப்பை உங்கள் தப்பு மறைக்கிறது.

அதே நிலையில் வைத்து அனுப்பலாமா என்கிறீர்கள். மேலே போனால் கண்ணாடிக்கு எடை ஏது? உங்கள் தாங்கி இங்கேயே நின்றுவிடும், நசுக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. என் குறை மட்டும் தனியாக, எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாமல், தொலைநோக்கி இருக்கும்வரை இருக்கும். நீங்கள் பார்த்த அழகான புள்ளி பூமியில் மட்டும் விழுகிற புள்ளி.

என் பூச்சில் குறை இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

என் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, வரம்பைத் தாண்டினால் நிராகரியுங்கள். "சரி" என்று நான் எழுத மாட்டேன். "வேண்டாம்" என்று நான் எழுதுவதாலும் நிராகரிக்க வேண்டாம். கணக்கைப் பார்த்துச் செய்யுங்கள்.


மார்ச் 29

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ரப்பர் வளையம் வீட்டில் கிடைக்கவில்லை. என் மனைவியின் தலைமுடிக்குப் போடும் வளையத்தை வைத்துப் பார்த்தோம். அவள் பக்கவாட்டில் அழுத்தியதும் வட்டமாகியது. "இதுக்கா ரெண்டு மாசம்?" என்றாள்.

கணக்கைப் போட்டேன். புள்ளியின் பரவல் பத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. முதலில் நாம் பார்த்தது இருபத்திரண்டு. அதில் உங்கள் பங்கு பதினொன்று.

பதினைந்து என்று வந்திருந்தால் மனம் ஒருவழியாக இருந்திருக்கும். என் அளவே ஒன்று இப்படியோ அப்படியோ தவறக்கூடியது. ஆக அது பத்தாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். கையெழுத்துப் போடவும் நியாயம் இருக்கிறது, போடாமல் இருக்கவும் நியாயம் இருக்கிறது. போட்டால் சம்பந்திக்காகப் போட்டேனா? போடாவிட்டால் சம்பந்தி என்பதால் போடவில்லையா? நீங்கள் முன்பின் தெரியாதவராக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அப்படி ஒரு நிலைமையை என்னால் கற்பனையே செய்ய முடியவில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதை நீங்கள் நாசூக்காக எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அந்தத் தாங்கியில் படுக்க வைத்து நான் தீர்ப்புச் சொன்னது ஏழாம் வளையத்துக்கு மட்டுமா? மற்ற வளையங்கள்? எதன் தப்பை என் தாங்கி மறைத்தது, எதற்கு இல்லாத தப்பைக் கூட்டியது? ஒன்றுமே தெரியாது. தலைவரிடம் போய்ச் சொன்னேன்.  "உங்க ரெண்டு குடும்பமும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்காம விடமாட்டீங்களா?" என்றார். எல்லா வளையத்தையும் மறுபடி, கால் கால் சுற்றாக, நான்கு நிலையிலும் பார்க்கப் போகிறோம். எட்டு மெத்தைத் தாங்கி ஒன்று தயாராகிறது.

அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, ஏழாம் வளையத்தைப் பற்றிய குழப்பம் தானாகப் போய்விட்டது. மற்ற எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டு உங்களை மட்டும் பதினொன்றில் விட முடியாது. நிராகரித்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "பூச்சு" என்று எழுதினேன். அதற்குக் கீழே "தாங்கி" என்றும் எழுதினேன்.

கண்ணாடி உங்களிடம் வருகிறது. உரிக்கும்போது பார்த்து.


மே 20

சம்பந்தி அவர்களுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. கோபம் இல்லை, வேலை.

பூச்சை நானே உரித்தேன். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், அடியில் இருக்கும் குரோமியத்தைக் கரைத்தால் மேலே இருக்கும் இரிடியம் சருகு சருகாகக் கழன்று வரும். செய்யத் தெரிந்த இளம் கைகள் இங்கே இருக்கின்றன. ஆனால் உடைந்தால் என் கையில் உடையட்டும் என்று பட்டது. உடையவில்லை. வெற்றுக் கண்ணாடி வட்டமாக, முதல்நாள்போல இருக்கிறது.

காரணத்தையும் கண்டுபிடித்தேன். பூசும்போது கண்ணாடி ஒரு மேஜைமேல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாப் பக்கமும் சமமாகப் படிவதற்காக. மேஜையின் பெல்ட் தளர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒரு நொடி தயங்கியிருக்கிறது. அந்த இரண்டு பக்கமும் பூச்சு தடித்துவிட்டது. சாட்சித் துண்டுகளை நான் வைத்தது மேஜை தயங்காத இடத்தில். அவை பொய் சொல்லவில்லை. அவை இருந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரிதான்.

பெல்ட்டை மாற்றி, சாட்சிகளை நான்கு பக்கமும் வைத்து, மறுபடி பூசியிருக்கிறேன். அவற்றை அளந்து போட்ட கணக்கின்படி கண்ணாடியின் பரவல் ஆறு இருக்க வேண்டும். முன்பு இதை "ஆறு இருக்கும்" என்று எழுதியிருப்பேன்.

பெட்டியில் "மேல்பக்கம்" என்று அம்புக்குறி போடவில்லை. எப்படியும் நான்கு பக்கமும் திருப்பத்தான் போகிறீர்கள்.

நீங்கள் திரும்பக் கூப்பிட்ட மற்ற வளையங்கள் என்னவாயின? யாரும் எனக்குச் சொல்வதில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள்.


ஜூன் 18

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். புதுத் தாங்கி, நான்கு நிலை, ஒவ்வொரு நிலையும் இரண்டு தடவை. எடையின் பங்கைக் கழித்துவிட்டால் உங்கள் ஏழாம் வளையத்தின் பரவல் மூன்று. ஆறு என்று எழுதியிருந்தீர்கள். மூன்று! இந்தக் குழாயில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மற்ற வளையங்களில் இரண்டு தேறவில்லை. ஒன்று முன்பு நான் கைதட்டி அனுப்பியது. பேச்சை மாற்றுகிறவர்கள் என்னிடமும் மாற்றுகிறார்கள், கவலைப்படாதீர்கள்.

ஆறுக்குப் பதில் மூன்று ஏன் வந்தது என்று தெரியவில்லை. கேமரா பெண் கேட்டாள். "நல்லது வந்தா யாராவது ஏன்னு கேப்பாங்களா?" என்றேன். இந்தத் தடவை தாழ்வாரத்தில்கூட யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான்கு நிலையிலும் படம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போடுகிறேன். மத்தியானம் பெட்டி கிளம்பும்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி வராது என்று என் மனைவி எழுதச் சொன்னாள்.


ஜூன் 21

சம்பந்தி அவர்களுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்கே உங்கள் கைக்கு வந்துவிடும்.

கான்வென்ட்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். விடை சரியாக இருக்கும், ஆனால் வழி எழுதியிருக்க மாட்டோம். நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு, "விடை சரி. வழி எங்க?" என்று மட்டும் கேட்பார். மார்க்காகச் சுழிதான் கிடைக்கும். சரியான விடைக்குச் சுழி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைத் திட்டியிருக்கிறேன்.

ஆறு வர வேண்டிய இடத்தில் மூன்று வந்திருக்கிறது. பன்னிரண்டு வந்திருந்தால் இந்நேரம் என்னையும் பெல்ட்டையும் நான்கு சாட்சிகளையும் குடைந்து எடுத்திருப்பீர்கள். மூன்று என்பதால் விட்டுவிட்டீர்கள். பிப்ரவரியில் நாம் இருவரும் இதைத்தான் செய்தோம். உங்கள் எட்டு மெத்தைகள் எதையாவது மறைக்கின்றனவா? என் கணக்கு தப்பா? அல்லது நிஜமாகவே நான் நன்றாகப் பூசிவிட்டேனா? மூன்றாவதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் எப்படிப் பூசினேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல் இருக்க எனக்குப் பழக்கமில்லை.

இத்தனை வருஷமாகப் பெட்டிகளை அந்தக் குழாய்க்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. நீங்கள் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. நாளை மறுநாள், திங்கட்கிழமை, காலை ரயிலில் வருகிறேன். நேரே உங்கள் சோதனைக் கூடத்துக்குத்தான் வருவேன், வீட்டுக்கு அப்புறம். வாசலில் என் பெயரைச் சொல்லி வையுங்கள். சாட்சித் துண்டுகள் நான்கும் என் கைப்பையில் இருக்கும். சம்பந்தியாக வருகிறாளா, பூச்சு அறையிலிருந்து வருகிறாளா என்று யாராவது கேட்டால், உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் வந்து சேரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.